முதுகு மட்டும் தெரிந்த வீடியோ

சண்முகசுந்தரி காலையில் சேலை மடிப்பாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஊருக்குப் பணப் பாடம் எடுப்பாள்.

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சேலைகள் வந்து சேரும் குடோன் ஒன்றில் அவளுக்கு வேலை. மடிப்பது, ரகம் பிரிப்பது, பில் போடுவது. மற்ற பெண்கள் தூக்குச்சட்டியைத் திறக்கும் நேரத்தில் அவள் மஞ்சளும் பச்சையுமாக அடுக்கியிருக்கும் சேலைகளுக்கு முன்னால் போனை நிறுத்திவைத்துப் பேச ஆரம்பிப்பாள். "ஏ மக்கா, சம்பளம் வந்துட்டா? இரு, இரு. பிரியாணிக் கடைக்கு ஓடாத. மொதல்ல நான் சொல்லுதத கேளு." இப்படித்தான் ஒவ்வொரு வீடியோவும் தொடங்கும். அறுபதாயிரம் பேர் அவளைப் பின்தொடர்ந்தார்கள். புளியங்குடி, கடையநல்லூர், வாசுதேவநல்லூர்ப் பையன்கள், திருப்பூருக்கு வேலைக்குப் போன நம் ஊர்ப் பெண்கள், வளைகுடாவில் இருப்பவர்கள்.

அவள் சொன்னவை பெரும்பாலும் சரியானவை. பி.எஃப். பணம் சேருகிறதா என்று போனில் பார்ப்பது எப்படி, பாலிசி எடுக்கும் முன் எதைக் கேட்க வேண்டும், கடன் ஆப்பில் ஏன் கை வைக்கக் கூடாது, அவசரத்துக்கென்று ஆறு மாதச் செலவை ஏன் தனியாக எடுத்துவைக்க வேண்டும். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். கணக்கு வாத்தியார் நடத்தி முடித்ததும் எனக்கு மறுபடி அவள்தான் நடத்துவாள். நான் பல வருடம் வெளியே சுற்றிக்கொண்டிருந்தபோதும், எந்த ஊர் விடுதியில் படுத்திருந்தாலும், அவள் வீடியோ வந்தால் பார்ப்பேன். தமிழ் கேட்க வேண்டும்போல் இருக்கும்.

இதில் அவளுக்கு ஆசை வந்ததற்கு அவள் அப்பா ஒரு காரணம். தறி ஓட்டிச் சேர்த்த காசை, தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று ஒரு தேக்குமரக் கம்பெனியில் போட்டார். மரமும் இல்லை, கம்பெனியும் இல்லை. சொன்னவர் ஊரிலேயே இல்லை. 'தெரிஞ்ச ஆளுதான்' என்ற வார்த்தையைக் கேட்டாலே சுந்தரிக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சமயத்தில்தான் கோட்டுப் போட்ட ஒருவர் அவள் போனுக்குள் வந்தார். சென்னைக்காரர். 'உங்க அப்பா பண்ண தப்ப நீங்க பண்ணாதீங்க' என்று விரலை நீட்டிப் பேசுவார். அவரிடமிருந்து கற்றாள். பிறகு, வீடியோ எடுப்பது எப்படி என்று அவரே நடத்திய வகுப்பிலும் காசு கட்டிச் சேர்ந்தாள். அந்த வகுப்பில் அவர் சொன்ன முக்கியமான பாடம் இது: நல்லதைச் சொன்னால் யாரும் நிற்க மாட்டார்கள். முதல் மூன்று நொடிக்குள் ஒரு வில்லனைக் காட்ட வேண்டும்.

அவள் காட்டிய வில்லன் பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி அத்தை.

ராஜேஸ்வரி அத்தைக்கு ஐம்பது வயதுக்கு மேல். தறியில் குறுக்காக ஓடும் ஊடை நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுக்கும் தார் வேலை செய்கிறார். தெருப் பெண்களுக்காகச் சீட்டும் பிடித்தார். இருபது பேர் மாதம் தவறாமல் பணம் கட்டுவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டு வாசலில் ஜமுக்காளம் விரித்து ஏலம் நடக்கும். அவசரமாகப் பணம் தேவைப்படுகிறவள், 'எனக்கு இவ்வளவு குறைத்துக் கொடுத்தால் போதும்' என்று கேட்பாள். அதற்குத் தள்ளு என்று பெயர். அதிகம் தள்ளுகிறவளுக்குச் சீட்டு. தள்ளிய பணம் எல்லோருக்கும் பிரியும். முதல் மாதச் சீட்டை மட்டும் தள்ளு இல்லாமல் அத்தை எடுத்துக்கொள்வார்.

சுந்தரி தன் வீட்டு ஜன்னலில் இருந்து அதைப் படம் எடுத்தாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் அத்தை உட்காருவார். எதிரே இருந்த பெண்களின் முகத்தில் பூப்படம் ஒட்டி மறைத்துவிட்டாள். ஏலம் நாலாயிரத்தில் நின்றபோது, பொன்மணி என்பவள் "ஆறாயிரம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது ராஜேஸ்வரி அத்தை சொன்னதும் பதிவாகியிருந்தது: "ஏட்டி பொன்மணி, இம்புட்டு தள்ளாத. அடுத்த மாசம் வரைக்கும் இழுத்துக்கிட முடியாதா? கொறைச்சுக் கேளுட்டி."

அந்த வாக்கியத்தைச் சுந்தரி வெட்டிவிட்டாள். ஆறாயிரம் என்ற குரலும் சிரிப்பும் மட்டும் இருந்தன. அதன்மேல் அவள் குரல்: "நாப்பதாயிரம் ரூவா சீட்டு. ஆறாயிரம் போச்சு. மொத சீட்டு யாருக்குத் தெரியுமா? அத்தைக்கு! பதிவு கெடையாது, ரசீது கெடையாது. ஓடிட்டா யார்கிட்ட போயி நிப்ப?" அத்தையின் முதுகைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மேலே மஞ்சள் எழுத்தில், 'உங்க தெருவுலயும் இந்த அத்தை இருக்காங்களா?'

லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். 'எங்க தெருவுல ரெண்டு அத்தை' என்று ஒருவர். 'இந்தம்மாவ உள்ள தூக்கிப் போடணும்' என்று இன்னொருவர். உலகத்துக்கு அது யாரோ ஒரு முதுகு. எங்கள் தெருவுக்கு அப்படியில்லை. அந்தக் கொண்டையையும், தோளில் நூல்பிசிறு ஒட்டிய பச்சைச் சேலையையும் பார்த்து யார் என்று தெரியாமல் போக எங்கள் தெருவில் ஒருத்தியும் இல்லை. திருப்பூரில் இருக்கும் அண்ணன் மகன் போன் பண்ணி, "அத்த, நீங்க வைரலு!" என்றபோதுதான் ராஜேஸ்வரி அத்தைக்கே தெரிந்தது.

அவர் சண்டைக்கு வரவில்லை. சுந்தரியின் அம்மா முத்துமாரியம்மாளிடம் மட்டும், தண்ணீர் பிடிக்கும்போது, "ஒன் மவ படிச்ச புள்ளல்லா. சரியாத்தான் சொல்லுவா" என்றார். ஆனால் இரண்டு மூன்று பெண்கள் அத்தையிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள். சீட்டு எடுத்துவிட்ட பொன்மணிகூட, தள்ளிய ஆறாயிரத்தைக் கேட்டுப் போய் நின்றாள். சீட்டு எடுத்தவர்கள் பாக்கியைக் கட்டும்வரை காத்திருக்கச் சொல்லாமல், எடுக்காதவர்கள் எல்லோருக்கும் அத்தை கையிலிருந்து கொடுத்து முடித்தார். அதோடு சீட்டு நின்றது.

நான் ஊருக்குத் திரும்பியது அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு. பையைக் கீழே வைக்கும் முன்பே சுந்தரி ஓடி வந்துவிட்டாள்.

"ஏட்டி, ஒலகம் சுத்துன கழுதை! இன்னும் எத்தன நாளைக்கு இங்கன? கால் அரிக்க ஆரம்பிச்சிட்டா?"

"இப்பதான வந்திருக்கேன். ஒரு வாய் காப்பியாவது குடிக்க விடுட்டி."

"குடி, குடி. என் வீடியோ பாத்தியா? சீட்டே க்ளோஸ் ஆயிட்டு. நம்ம தெரு தப்பிச்சிட்டுட்டி. எங்கப்பாவுக்கு அன்னைக்கு இப்படி ஒருத்தி சொல்லியிருந்தா..."

"அத்தை ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லுவாக? கணக்கு கணக்குதான?"

அவள் முகத்தில் ஒரு களை இருந்தது. கோட்டுக்காரர் அவள் வீடியோவைத் தன் பக்கத்தில் பகிர்ந்திருந்தார். இந்த மாதிரி இன்னும் பத்து எடுத்துக் கொடு, தொடராகப் போடலாம், பணம் தருகிறேன் என்று கேட்டிருந்தார்.

பிறகு கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நின்றன.

எங்கள் ஊரில் தறி நின்றால் முதலில் காதுக்குத்தான் தெரியும். ஓயாத அந்தச் சத்தம் போனதும், பேசிக்கொண்டிருப்பவர்கள் பழக்கத்தில் கத்திப் பேசிவிட்டுத் தாங்களே சிரிப்பார்கள். முதல் வாரம் அப்படித்தான் சிரித்தார்கள். பேச்சுவார்த்தை நடந்தது, முறிந்தது, மறுபடி நடந்தது. வாரக்கூலியில் ஓடுகிற வீடுகளில் மூன்றாவது வாரம் கடைக்காரர் முகம் மாறிவிடும்.

அப்படி ஒரு காலையில் சுந்தரி வீட்டில் நான் இருந்தேன். அவள் அம்மா அரிசியை அளந்து போட்டுக்கொண்டே தன்போக்கில் சொன்னார்: "சீட்டு மட்டும் இருந்திருந்தா இந்த மாசம் பொன்மணி வீட்டுக்குப் போயிருக்கும்."

"அவ ஏற்கெனவே எடுத்துட்டாள்லாம்மா?" என்றாள் சுந்தரி.

"ஸ்டிரைக்குல எடுத்தவ எடுக்காதவ பாப்பாகளா?"

"அப்படின்னா?"

முத்துமாரியம்மாள் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "தறி நின்னா ஏலம் ஏதுட்டி? யார் வீட்டுல அடுப்பு எரியலையோ அவளுக்குத்தான். தள்ளும் கெடையாது ஒண்ணும் கெடையாது. தறி ஓடுனதும் மெல்ல மெல்ல கட்டுவா. நம்ம வீட்டுக்கும் ஒருக்க வந்துருக்கு. நீ அப்ப திருநெல்வேலி ஹாஸ்டல்ல இருந்த."

"தறி நின்னா யாருமே சீட்டு கட்ட மாட்டாகளே. அப்ப பணம்?"

"அதுக்குத்தான ராஜேஸ்வரி மொத சீட்ட எடுத்து வச்சிருப்பா! நீ என்ன நினைச்ச, அவ நகை செஞ்சு போட்டான்னா?"

சுந்தரியின் முகம் மெல்லச் சிவந்து, பிறகு வெளுத்தது. அவள் எத்தனையோ வீடியோவில் சொன்ன அதே விஷயம்தான் அது, அவசரத்துக்கு எடுத்துவைக்கும் பணம். தெரு முழுவதற்கும் சேர்த்து ஒரே இடத்தில் இருந்தது. இருபது பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை, எல்லோருக்கும் தெரியும் என்பதால். வேலைநிறுத்தம் வந்தால்தான் அந்தப் பேச்சே வரும். போன தடவை வந்தபோது அவள் ஊரில் இல்லை. அந்தப் பணத்தைத்தான் அத்தை எடுத்துக் கொடுத்துக் கணக்கை முடித்திருந்தார்.

"எனக்கு யாரும் சொல்லலையே" என்றாள்.

"நீ கேட்டியா?" என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அரிசி களைகிற வேலையில் இருந்தார்.

அடுத்த வாரம் சுந்தரியின் போனுக்கு ஒரு படம் வந்தது. என் போனுக்கு வரவில்லை, என் எண் பொன்மணியிடம் இல்லை. பொன்மணி போனில் இருந்த எல்லா எண்களுக்கும் போயிருந்தது. பொன்மணி ஆடித்தபசுத் திருவிழாவில் எடுத்த படம், தலை நிறைய மல்லிகைப்பூ. முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மேலே மஞ்சள் எழுத்தில் 'மோசடிக்காரி. இவளிடம் ஏமாறாதீர்கள்.'

கடன் ஆப்காரர்களின் வேலை. தறி நின்றதும் பொன்மணி போனிலேயே கடன் வாங்கியிருக்கிறாள். தவணை தவறியதும் இப்படி.

சுந்தரி அந்தப் படத்தை என்னிடம் நீட்டினாள். "நல்லாப் பாருட்டி. அதே செவப்பு, அதே மஞ்ச. நான் போட்ட மாதிரியே இருக்கு."

"போலாம் வா" என்றேன்.

பொன்மணி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் அவள் புருஷன் வெள்ளத்துரை திறந்தார். எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். பொன்மணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"என்ன, இதையும் வீடியோ எடுக்க வந்தியா?"

சுந்தரி தன் போனை என் கையில் கொடுத்துவிட்டு அவள் அருகில் தரையில் உட்கார்ந்தாள். "போன குடுங்க மதினி" என்றாள். அந்த ஆப்பை நீக்கினாள். வந்த மிரட்டல்களையெல்லாம் படம் பிடித்துச் சேமித்தாள். சைபர் குற்ற எண்ணுக்கு போன் போட்டு, நிறுத்தி நிதானமாகப் புகாரைச் சொன்னாள். 'படத்தை நம்பாதீர்கள், புகார் கொடுத்திருக்கிறோம்' என்று எல்லா எண்களுக்கும் செய்தி அனுப்பினாள். வேலை தெரிந்தவள்.

"நான் இதப் பத்தி ரெண்டு வீடியோ போட்டிருக்கேன் மதினி. நீங்க பாக்கலையா?"

"ஒன் வீடியோவ நான் எதுக்குப் பாக்கேன்?" என்றாள் பொன்மணி. "அந்தச் சீட்டு வீடியோவோட ஒன்னைய போன்ல இருந்தே தூக்கிட்டேன்." கொஞ்சம் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்: "ராஜேஸ்வரி அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டா எங்கனயாவது பெரட்டிக் குடுத்துருப்பா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்க? நானும்லா போயி தள்ளுன காசக் குடுன்னு நின்னேன். ஒனக்கென்ன, நீ ஜன்னலுக்கு உள்ள இருந்த. நாங்க அவ மொகத்துக்கு நேரா நின்னோம்."

வீட்டுக்கு வரும் வழியில் சுந்தரி அந்த வீடியோவை நீக்கினாள். நீக்கிவிட்டுத் தேடிப் பார்த்தால் அது இன்னும் பல பக்கங்களில் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டுக்காரர் பக்கத்திலும் இருந்தது. எடுத்துவிடுங்கள் என்று எழுதினாள். நன்றாகப் போகிறதே, ஏன் என்று கேட்டு, கூடவே ஒரு சிரிப்புப் பொம்மையும் அனுப்பினார். தொடர் எடுத்துத் தர முடியாது என்று பதில் போட்டாள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ எடுத்தாள். போடும் முன் அத்தையிடம் காட்ட வேண்டும், நீயும் வா என்றாள். போனோம். தறி நின்றிருந்ததால் தார் இயந்திரத்தின் மேல் துணி போர்த்தியிருந்தது. அத்தை வாசலில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கட்டி. காப்பி போடவா? பால் இல்ல, கருப்பட்டிக் காப்பிதான்."

சுந்தரி போனை நீட்டினாள். அத்தை கண்ணைச் சுருக்கி முழுவதும் பார்த்தார். 'ராஜேஸ்வரி அத்தை நல்லவங்க, நான் பண்ணது தப்பு' என்று சுந்தரி அதில் அழுதாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா போடாத" என்றார் அத்தை.

"ஏன் அத்தை?"

"அதப் பாக்காதவளும் இனிமே பாப்பா. யாரு அந்த ராஜேஸ்வரின்னு தேடுவா. இப்ப முதுகோட போச்சு. நீ பேரும் சேத்துக் குடுக்கப் போற."

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"எனக்கு என்னட்டி தெரியும்?" முறத்தை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு, எப்போதோ கேட்க நினைத்ததைக் கேட்பதுபோல, "அன்னைக்கு அந்தப் பொன்மணிகிட்ட, தள்ளாதட்டி தள்ளாதட்டின்னு சொன்னேம்லா. அது மட்டும் ஏன் அதுல இல்ல? போன்ல விழலையா?"

விழவில்லை என்று சொல்லியிருக்கலாம். அத்தை நம்பியிருப்பார். சுந்தரி தரையைப் பார்த்தபடி, "விழுந்துச்சு அத்தை. நான்தான் வெட்டுனேன். நீளம் கூடிப்போச்சு" என்றாள்.

"நீளமா?" என்றார் அத்தை.

உள்ளே எழுந்து போனவர் காப்பியோடு வருவார் என்று கொஞ்ச நேரம் நின்றோம். வரவில்லை.

கூலி ஒப்பந்தம் முடிந்து தறிகள் ஓடத் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, சுந்தரி வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூப்பிட்டாள். தன் வீட்டு வாசலில் பாய் விரித்தாள். ராஜேஸ்வரி அத்தையும் வந்தார், ஓரமாக உட்கார்ந்தார்.

போனுக்கு முன்னால் மூச்சுவிடாமல் பேசுகிறவளுக்கு அன்று குரல் உடைந்தது. அத்தை சொன்னதை வெட்டியதையும், முதல் சீட்டு எதற்கென்று கேட்காமலே பேசியதையும் சொன்னாள். தப்பு என்மேல்தான் என்றாள். மறுபடி சீட்டைத் தொடங்குங்கள், எழுதிவைக்கிற வேலையை நான் பார்க்கிறேன், என் சம்பளத்திலிருந்து ஒரு பங்கை அவசரத்துக்கென்று முதலிலேயே போடுகிறேன் என்றாள்.

யாரும் திட்டவில்லை. "அழாதட்டி, மூஞ்சி வீங்குனா வீடியோவுல நல்லாருக்காது" என்றாள் ஒருத்தி. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"சரி, ராஜேஸ்வரி அக்கா பிடிக்கட்டும்" என்றாள் பொன்மணி.

"நான் மாட்டேன். யாராவது பிடிங்க. நான் போடுதேன்" என்றார் அத்தை.

"அப்ப முத்துமாரியம்மா அக்கா பிடிக்கட்டும்."

"எனக்கு எதுக்கும்மா வம்பு?" என்றார் சுந்தரியின் அம்மா.

ஒவ்வொருத்தியும் அடுத்தவளைக் கை காட்டினாள். ஒருத்திக்குக் கண் சரியில்லை, ஒருத்திக்கு மகன் ஏசுவான், ஒருத்திக்கு நேரம் இல்லை. கடைசியில் ஒருத்தி உண்மையைச் சொன்னாள்: "நாளைக்கு என் முதுகையும் எவளாவது எடுத்துப் போட்டா? மாசாமாசம் வெயில்ல ஒக்காந்து, திருடின்னு பேரெடுக்கவா? ஆளவிடுங்கம்மா."

அடுப்பில் உலை வைத்திருப்பதாக ஒருத்தி எழுந்தாள். பேச்சு அங்கேயே நின்றது. ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். இன்றுவரை எங்கள் தெருவில் சீட்டு இல்லை.

சுந்தரி இன்னும் எப்போதாவது வீடியோ போடுகிறாள். பி.எஃப். பார்ப்பது, வங்கிப் படிவம் நிரப்புவது, அவ்வளவுதான். அதிகம் பேர் பார்ப்பதில்லை. வேலைக்குப் போகும்போது அத்தை எதிரில் வந்துவிடுவாரோ என்று முதலில் சில நாள் வாசலில் தயங்கித் தயங்கி நின்றாள். ஆனால் அத்தை எதிரில் வரவே இல்லை.

போன வாரம்தான் காரணம் தெரிந்தது. ஒரு நாள் முன்னதாகவே குடோனுக்குக் கிளம்பியவள், தார்க்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ராஜேஸ்வரி அத்தை இவள் வீட்டைத் தாண்டித் தறிக்கூடத்துக்குப் போகும் நேர்வழியை விட்டுவிட்டு, தெப்பக்குளத்தைச் சுற்றிப் போவதைப் பார்த்திருக்கிறாள். அந்தச் சுமையோடு அது தூரம்.

"என்னைப் பாக்கப் பிடிக்காம இல்லட்டி" என்று என்னிடம் சொன்னாள். "பொன்மணி மதினிகிட்ட சொன்னாகளாம். 'அந்தப் புள்ள என்னப் பாத்தா தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போகுது. வேலைக்குப் போற புள்ள, பாவம். அதான் நான் சுத்திப் போறேன்'னு."

அன்றிலிருந்து சுந்தரி காலையில் வீட்டை விட்டுக் கிளம்புவது தாமதமாகிறது. அத்தை நேர்வழியில் போய்ச் சேரட்டும் என்று கதவுக்குப் பின்னால் காத்திருக்கிறாள். அத்தையோ இன்னும் சுற்றித்தான் போகிறார்.